அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு

சேரன்மகாதேவி
12.1.2025

அபிஷாவுக்கு,

பிரியாவின் அம்மா முத்துராணி எழுதுகிறேன். உன் அப்பா சிலுவைக்குப் போன் போட்டுத்தான் இந்த விலாசத்தை வாங்கினேன். முதலில் தரமாட்டேன் என்றார். "அக்கா, புள்ள இப்பதான் ரெண்டு வாய் சோறு திங்கா. அவள விட்டுருங்க" என்றார். திட்டி எழுத மாட்டேன் என்று சொன்ன பிறகு கொடுத்தார். மதுரைப் பக்கம் ஒரு சிகிச்சை இல்லத்தில் உன்னைச் சேர்த்திருப்பதாகவும், அங்கே போன் கிடையாது, கடிதம் மட்டும் கையில் கொடுப்பார்கள் என்றும் சொன்னார்.

அக்டோபரில், பிணவறை வாசலில் வைத்து, அத்தனை பேர் பார்க்க, என் பிள்ளையைக் கொன்னது நீதான் என்று உன்னைப் பிடித்து உலுக்கினேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள இதை எழுதவில்லை. எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் விடுதி மொட்டைமாடியில் என்ன நடந்தது?

வார்டன் முதலில் பிரியா குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்றார். பிறகு, சாப்பிடாமல் மயங்கினாள் என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் ரசாயன வாயுவை உள்ளே இழுத்ததால் இதயம் நின்றது என்று இருக்கிறது. அந்தத் தாளை நான் யாருக்கும் காட்டவில்லை. ஊரில், பிறந்ததிலிருந்தே அவளுக்கு இதயத்தில் கோளாறு என்று சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்கிறார்.

அன்றைக்கு அவளோடு இருந்தது நீ மட்டும்தான். அவள் கையில் அது எப்படி வந்தது? கடைசியாக என்ன சொன்னாள்? பொய் எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

முத்துராணி


26.1.2025, ஞாயிறு

பிரியாவின் அம்மா அவர்களுக்கு,

அபிஷா எழுதுகிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடிதம் எழுத இரண்டு தாள் தருவார்கள். உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. போன ஞாயிறு தாளை வாங்கி அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான். எழுத்துப் பிழையை அழிக்கிற ஒயிட்னரை வாங்கி வைத்திருந்தது நான். பிரியாவுக்கு அது என்னவென்றே தெரியாது. அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் தடவை. நான் கட்டாயப்படுத்தியதால்தான் மோந்து பார்த்தாள். உடனே மயங்கி விழுந்துவிட்டாள். நான் உடனே ஓடிப்போய் வார்டனைக் கூப்பிட்டேன். விழுவதற்கு முன்னால் "அம்மா" என்று சொன்னாள்.

அவள் கஷ்டப்படவில்லை. நீங்கள் என்னைச் சொன்னது சரிதான். வேறு எழுதத் தெரியவில்லை.

அபிஷா


சேரன்மகாதேவி
3.2.2025

அபிஷாவுக்கு,

பொய் எழுதாதே என்று சொல்லியும் எழுதியிருக்கிறாய். அன்றைக்குத்தான் முதல் தடவை என்கிறாய். அது பொய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். இதை என் வீட்டுக்காரருக்குக்கூட நான் சொன்னதில்லை.

செப்டம்பர் கடைசியில் காலாண்டு லீவுக்கு வீட்டுக்கு வந்தாளே, வந்த அன்றைக்கே அவள் துணியில் ஒரு வாடை. வார்னிஷ் மாதிரி. உதட்டு ஓரத்தில் புண். கண் சிவந்திருந்தது. ராத்திரி பகலாகப் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் பால்வாடியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். குளியலறைக் கதவு சாத்தி மட்டும் இருந்தது. உள்ளே ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் கைக்குட்டை, பக்கத்தில் அந்தச் சின்ன குப்பி. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. என்னை யாரென்றே தெரியாதது போலப் பார்த்துச் சிரித்தாள்.

வாசல் பெருக்குகிற வாரியலை எடுத்து அடித்தேன். கை ஓயும் மட்டும் அடித்தேன். ஏன் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குலசாமி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சூடத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். குப்பியைக் கன்னடியன் கால்வாயில் வீசினேன். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அக்கம்பக்கத்தில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. விடுதியில் சிறப்பு வகுப்பு நடக்கிறது என்று சாக்குச் சொல்லி, லீவு முடிய நாலு நாள் இருக்கும்போதே திரும்ப அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் ஏறுகிறபோது ஏதோ சொல்ல வந்தாள். நான், "பஸ் கிளம்பப் போகுது, ஏறு" என்றேன்.

என் பால்வாடியில் இருபத்திரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இருமினால், தாயைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ என்று விரட்டுகிறவள் நான்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பிணவறை வாசலில் உன் மேல் பாய்ந்தேன். உன்னைப் பார்த்துக் கத்தினால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்று இருந்திருக்கும்.

இப்போது நீ உண்மையை எழுது. எப்போது ஆரம்பித்தாள்? என் மனசு நோகும் என்று எதையும் விட்டுவிடாதே.

முத்துராணி


16.2.2025, ஞாயிறு

பிரியாவின் அம்மா அவர்களுக்கு,

முதலில் அத்தை என்று எழுதி அடித்துவிட்டேன். உங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அப்படித்தானே கூப்பிட்டேன். இப்போது கூப்பிடலாமா என்று தெரியவில்லை.

இந்தத் தடவை நாலு தாள் கேட்டு வாங்கியிருக்கிறேன். உங்கள் கடிதத்தை இங்குள்ள கவுன்சிலர் அக்காவிடம் காட்டினேன். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். நடந்ததை எழுது என்று மட்டும் சொன்னார்கள்.

கொடுத்தது நான்தான். அது மட்டும் பொய் இல்லை. என் அண்ணன் ஜெர்வின் போன வருடம் கடலில் போனான். உடம்பு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே கிடையாது. பத்தாம் வகுப்பில் கூடப் படித்த ஒருத்தி சொல்லித்தான் இதை ஆரம்பித்தேன். விடுதிக்கு வந்த பிறகும் விடவில்லை. ஜூலை மாதம் பிரியா பார்த்துவிட்டாள். முதலில் திட்டினாள், வார்டனிடம் சொல்லிவிடுவேன் என்றாள். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அவளே வந்து, "இதுல நெசமாவே ஒண்ணும் நெனப்பு வராதாட்டி?" என்று கேட்டாள்.

அப்போது அவள் எப்படி இருந்தாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்து அவ்வளவு மார்க் எடுத்தவள். அந்தப் பள்ளியில் எல்லாம் இங்கிலீஷ். முதல் பரீட்சையில் பிசிக்ஸில் பத்தொன்பது. சார் பேப்பரை வகுப்பு முழுக்கக் காட்டி, டாக்டராகப் போகிற ஆளைப் பாருங்கள் என்றார். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்காருவாள், சாப்பிட மாட்டாள். விடியும் முன்னால் எழுந்து புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "தலைக்குள்ள யாரோ பேசிக்கிட்டே இருக்க மாதிரி இருக்குட்டி. படிச்சது ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்பாள். உங்களிடம் போனில் பேசும்போது மட்டும் நன்றாகச் சிரித்துப் பேசுவாள். வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அம்மாவிடம் சொல்லு என்று ஒரு தடவை சொன்னேன். பால்வாடியில் எல்லோரிடமும் என் மகள் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று அம்மா சொல்லிவைத்திருக்கிறாள், எப்படிச் சொல்ல என்றாள்.

இனிமேல் வருவதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எதையும் விட்டுவிடாதே என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன்.

நான் லீவுக்கு ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே இருந்தேன். லீவிலிருந்து அவள் சீக்கிரமே திரும்பி வந்த அன்றைக்கு, கையிலும் முதுகிலும் தழும்பு இருந்தது. நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிவாக இருந்தது. "அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சுட்டி. நல்லதாப் போச்சு. எப்படிச் சொல்லன்னு இருந்தேன்லா, சொல்லாமலே தெரிஞ்சுபோச்சு. இனி என்னைய இங்கன விட்டு வைக்கமாட்டா. வந்து கூட்டிட்டுப் போயிருவா" என்றாள். பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டும், டி.சி. வாங்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்று அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள். அந்த நாட்களில் அவள் ஒயிட்னரைத் தொடவில்லை. என்னையும் தொட விடவில்லை. பெற்றோர் வந்து பார்க்கிற அடுத்த இரண்டு ஞாயிறும் காலையிலேயே தலை சீவி, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது ஞாயிறு நீங்கள் வந்தீர்கள். அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்தீர்கள். எனக்கும் கொடுத்தீர்கள். வார்டனிடம், அரைப் பரீட்சைக்கு நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் பெட்டியைப் பிரித்துத் துணியை எல்லாம் அலமாரியில் அடுக்கினாள்.

புதன்கிழமை ஆறு மணி படிப்பு நேரத்தில் மாடிக்குப் போகலாம் என்று அவள்தான் கூப்பிட்டாள். என்னிடம் இருந்ததை எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. வார்டன் என்று நினைத்து அவள் பயந்து எழுந்து ஓடினாள். நாலு எட்டு வைத்திருப்பாள், தொட்டி மறைவிலேயே விழுந்துவிட்டாள். வந்தது வார்டன் இல்லை. காய்ந்த துணி எடுக்க வந்த ஓர் அக்கா, எங்களைப் பார்க்காமலே போய்விட்டார்கள்.

தடுக்கி விழுந்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கூப்பிட்டேன், அசையவில்லை. நான் உடனே ஓடவில்லை. முதலில் குப்பியைச் சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டேன். அவள் கையிலிருந்த துணியை உருவித் தொட்டிக்கு அடியில் திணித்தேன். குழாயில் கை கழுவினேன். பள்ளியை விட்டுத் துரத்திவிடுவார்கள், அப்பா என்னைப் பார்க்கவே மாட்டார் என்று மனதில் ஓடியது. பிறகுதான் கீழே போய்க் கூப்பிட்டேன். பத்து நிமிடம் இருக்கும். கூடவும் இருக்கலாம்.

கடைசியாக அவள் எதுவும் சொல்லவில்லை. அம்மா என்று சொன்னாள் என்று நான் எழுதியது பொய்.

அபிஷா

இன்னொன்று. எங்களோடு இன்னொருத்தியும் இருந்தாள். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல், அதனால் மாடிக்கு வரவில்லை. ஜனவரியில் எனக்கு ஒரு கடிதம் போட்டாள். இன்னும் விடவில்லை என்று எழுதியிருக்கிறாள். கையெழுத்தே மாறிப்போயிருக்கிறது. பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன்.


சேரன்மகாதேவி
9.3.2025

அபிஷாவுக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஒரு வாரம் நான் பால்வாடிக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்க்காததுபோல முறுக்கு டப்பா மூடியைத் திறந்துகொண்டிருந்தேன். அவளைக் கேட்டால் என்ன பதில் வருமோ என்று எனக்குப் பயம். கேட்காமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆகிவிடும் போல இருந்தது.

உன் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். செப்டம்பரில் நடந்ததையும் சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. "எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா" என்றார். அவ்வளவுதான். அவர் ஓட்டுகிற வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து வந்தார்.

அந்தப் பத்து நிமிடம் பற்றி இங்கே ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். பெயர் சொல்லாமல், யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். அந்த நேரத்தில் திடுக்கிட்டு ஓடினால் சில பிள்ளைகளுக்கு அங்கேயே இதயம் நின்றுவிடும், முதல் தடவை மோந்தாலும் நிற்கும், உடனே கூப்பிட்டிருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிழைத்திருக்கவே மாட்டாள் என்றும் அவர் சொல்லவில்லை. இதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. உனக்கும் போதாது.

அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லு. சத்தியம் என்று நானும்தான் ஒருத்தியிடம் வாங்கினேன். நீ வைத்திருக்கும் சத்தியம் யாரையும் காப்பாற்றப் போவதில்லை. நான் சத்தம் போட மாட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன்.

முத்துராணி


16.3.2025, ஞாயிறு

அத்தைக்கு,

அவள் பெயர் தனலட்சுமி. களக்காடு. அம்மா பெயர் கலைச்செல்வி, அப்பா வாழை போட்டிருக்கிறார். பேருந்து நிலையத்திலிருந்து மேற்கே போகிற ரோட்டில் வீடு என்று சொல்லியிருக்கிறாள். இந்த மாதக் கடைசியில் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவாள். வீட்டுக்கே போங்கள். பள்ளிக்குத் தெரிந்தால் உடனே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அவள் அதைத் தாங்கமாட்டாள். ஏற்கெனவே ஒரு தடவை, இருப்பதும் ஒன்றுதான் போவதும் ஒன்றுதான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதையும் அவள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள். அவள் என்னோடு இனிப் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியிலேயே இதற்கு டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று கவுன்சிலர் அக்கா சொன்னார்கள். இது திமிரில் செய்கிற காரியம் இல்லை, மனசுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார்கள். எனக்கு இப்போது மாத்திரை தருகிறார்கள். நாலு மணி நேரம் தூங்குகிறேன். போன வாரம்தான் ஜெர்வினைப் பற்றி முதல் தடவையாக வாய்விட்டுப் பேசினேன். பிரியாவைப் பற்றி இன்னும் பேச வரவில்லை. உங்களுக்கு எழுத மட்டும் வருகிறது.

தனத்தை அடிக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

அபிஷா


சேரன்மகாதேவி
13.4.2025

அபிஷாவுக்கு,

மார்ச் 30ஆம் தேதி களக்காட்டுக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. கலைச்செல்வி வாசலில் வாழை இலை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரியாவின் அம்மா என்றதும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள், காப்பி போட்டாள், நெஞ்சு வியாதியோடு அத்தனை நாள் பிள்ளையை எப்படி வளர்த்தீர்களோ என்று வருத்தப்பட்டாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "ஒங்க புள்ள போயிட்டுன்னு எல்லாப் புள்ளையும் அப்படித்தான்னு ஊர் ஊராச் சொல்லிக்கிட்டு அலையுதியளா?" என்றாள். எழுந்து போகச் சொன்னாள்.

தனலட்சுமி உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பாவாடை ஓரம் மட்டும் தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. "எம் புள்ளைக்கு நெஞ்சு வியாதி கெடயாது. நான் சொன்ன பொய்யி அது. அவ இதை மோந்துதான் செத்தா. செய்யுதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அடிச்சி, திரும்ப அங்கனயே கொண்டு விட்டேன். யாருகிட்டயும் சொல்லல. ஒங்களுக்கு இப்ப எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றேன். வெளி ஆளிடம் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீ எழுதியதையும், அந்தப் பிள்ளை உன்னிடம் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். கலைச்செல்வி திரும்பிக்கொண்டாள். இலையைக் கட்ட ஆரம்பித்தாள். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் பால்வாடி வாசலில் இருவரும் வந்து நின்றார்கள். கலைச்செல்வியின் கண் வீங்கியிருந்தது. "நான் அடிக்கலக்கா. கேட்டேன், சொல்லிட்டா. எங்க போணும்னு தெரியல, நீங்களும் வாங்க" என்றாள். பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு அப்படியே திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் தனலட்சுமி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கவில்லை. வயல் எல்லாம் அறுத்துக் கிடந்தது, அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இதற்குப் பிறகு பால்வாடித் தாய்மார் கூட்டத்திலும் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி, செத்த பிள்ளை பேரை இப்படிக் கெடுக்கலாமா என்று என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். பேசாவிட்டால் போகட்டும்.

உன் அப்பா போன் போட்டார். இந்த மாதக் கடைசியில் உன்னை வீட்டுக்கு அனுப்புவார்களாம். போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டார். இப்போது வேண்டாம் என்று சொன்னேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். உன் கையில் இருந்ததுதானே அவள் கைக்குப் போனது. அதை என்னால் தாண்ட முடியவில்லை. என்னையும் என்னால் தாண்ட முடியவில்லை. ஆனால் நீ தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும். அதை மனதாரத்தான் எழுதுகிறேன். மாத்திரையை நிறுத்திவிடாதே.

தனலட்சுமியைக் கூட்டிப்போன அன்றைக்கு, ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு வெளியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா முதலில் தனலட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், பிறகு தாயையும் கூப்பிட்டார். வெளியே வந்ததும் அந்தப் பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. தன் அம்மாவிடம் பையக் கேட்டது: "யம்மா, இனி என்னைய அங்கன அனுப்ப மாட்டல்லா?"

கலைச்செல்வி, "இல்லட்டி. வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

நான் எழுந்து வெளியே வந்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை. மருந்து வாங்குகிறவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். கையில் சீட்டு ஒன்றும் இல்லாமல் நானும் அதில் போய் நின்றேன்.

முத்துராணி